ரக்பியில் உத்தி உதை: கால்பந்து மண்ணிலிருந்து ஒரு பார்வை

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்தில், தூத்தூரிலிருந்து குளச்சல் வரை, மாலை வெயில் தாழ்ந்த பிறகு பந்து உருளாத மணல்திட்டைக் காண்பது அரிது. இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் இந்தியக் கால்பந்து அணிவரை சென்றது அந்த மணலின் வளத்துக்கு ஒரு சான்று. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த ஓர் இளைஞன் முதன்முறையாகத் தொலைக்காட்சியில் ரக்பி ஆட்டம் ஒன்றைப் பார்க்கும்போது, பக்கத்தில் இருப்பவனிடம் கேட்கும் கேள்வி அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்: “கையில கெடச்ச பந்த எதுக்குடே அவனுவளுக்கே அடிச்சுக் குடுக்கான்?”

நியாயமான கேள்விதான். 2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் அணி கோப்பையை வென்ற பிறகு இந்த ஆட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புவோர் தென்கோடியிலும் கூடியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கவனிப்பது பெரும்பாலும் ஓட்டத்தையும் மோதலையும்தான். உதையை யாரும் ஒரு கலையாகப் பார்ப்பதில்லை. வேறு வழியில்லாதபோது பந்தைத் தொலைப்பதற்கான உபாயம் என்றே எண்ணுகிறார்கள். கால்பந்து தெரிந்த நம் பிள்ளைகள் ரக்பிக்கு வந்தால் முதலில் கைகொடுக்கக் கூடிய திறன் உதைதான் என்பதாலும், அதே கால்பந்துப் பழக்கம் அவர்களை முதலில் ஏமாற்றப் போவதும் அங்கேதான் என்பதாலும், உத்தி உதையின் கணக்கைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

ரக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி வீசக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் கொடுக்கலாம். எனவே பந்து முன்னேற இரண்டே வழிகள் உண்டு: ஒருவர் அதைச் சுமந்துகொண்டு ஓட வேண்டும், அல்லது உதைக்க வேண்டும். சுமந்து ஓடுபவர் மடக்கி வீழ்த்தப்படும் ஒவ்வொரு முறையும் பந்து தரையில் விடப்பட வேண்டும். அதன் மேல் இரு அணியினரும் நின்று தள்ளிப் போராடும் ‘ரக்’ உருவாகும். அங்கே பந்து பறிபோகலாம், அல்லது ஒரு சிறு தவறுக்கு நடுவர் பெனால்டி கொடுக்கலாம். தன் கோல்கோட்டிலிருந்து 30 மீட்டருக்குள் இப்படி ஒரு பெனால்டி போனால், எதிரணிக்கு அநேகமாக மூன்று புள்ளிகள் உறுதி. அதே தவறு எதிரணியின் எல்லைக்குள் நிகழ்ந்தால் பெரிய இழப்பில்லை. ஆகவே பந்து யார் கையில் இருக்கிறது என்பதைப் போலவே, சில வேளைகளில் அதைவிடவும், ஆட்டம் களத்தின் எந்தப் பகுதியில் நடக்கிறது என்பது முக்கியமாகிறது. உத்தி உதை என்பது பந்தைக் கொடுத்து இடத்தை வாங்கும் பேரம். பேரம் படிவதும் படியாததும், எந்த இடத்தில், எந்த நொடியில், எதிராளியின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

விதிகள் வளைத்த கால்

இந்தப் பேரத்தின் விலையை விதிகளே நிர்ணயிக்கின்றன. விதி மாறும்போதெல்லாம் உதையும் மாறியிருக்கிறது. 1963இல் எடின்பரோவின் மரேஃபீல்டு மைதானத்தில் ஸ்காட்லாந்துக்கு எதிராக வேல்ஸ் ஆடிய ஆட்டம் இதற்கு நல்ல உதாரணம். வேல்ஸ் அணித்தலைவர் கிளைவ் ரோலண்ட்ஸ் பந்து கைக்கு வந்தபோதெல்லாம் பக்கக்கோட்டுக்கு வெளியே உதைத்து உதைத்து முன்னேறினார். வெளியே போன பந்தை இரு அணி வரிசைகளுக்கு நடுவே உள்ளே வீசும் ‘லைன்-அவுட்’ அன்று 111 முறை நடந்தது. வேல்ஸ் 6–0 என்று வென்றது. வென்ற அணியின் நாட்டினருக்கே அந்த ஆட்டம் ரசித்திருக்குமா என்பது ஐயம்தான். அந்தப் பத்தாண்டின் இறுதியில் விதி திருத்தப்பட்டது. கோல்கோட்டிலிருந்து 22 மீட்டர் தள்ளியிருக்கும் தன் 22 மீட்டர் கோட்டுக்குள்ளிருந்து உதைப்பவர் மட்டுமே பந்தை நேரடியாக வெளியே அனுப்பி அந்தத் தூரத்தைப் பெறலாம். அதற்கு வெளியே நின்று உதைத்த பந்து களத்துக்குள் ஒரு முறையேனும் தரையைத் தொடாமல் வெளியே போனால், உதைத்த இடத்துக்கு நேராகவே எதிரணி பந்தை உள்ளே வீசும். பந்தைத் தானே 22க்குள் பின்னால் எடுத்துச் சென்று உதைத்தாலும் அந்தச் சலுகை கிடையாது. இந்த ஒரு விதியைச் சரியாக உள்வாங்காத அணி, நன்றாக உதைக்கத் தெரிந்தும் நஷ்டப்படும்.

2021 ஆகஸ்டில் சோதனையாக அறிமுகமாகி அடுத்த ஆண்டே நிலைபெற்ற ‘50:22’ விதி இன்னொரு திருப்பம். தன் பாதிக்குள்ளிருந்து ஒருவர் உதைத்த பந்து, களத்தில் ஒரு முறை துள்ளி, எதிரணியின் 22 மீட்டர் பகுதிக்குள் பக்கக்கோட்டைத் தாண்டினால், பந்தை உள்ளே வீசும் உரிமை உதைத்த அணிக்கே வரும். கொடுத்த பந்து வட்டியோடு திரும்பி வருவது போன்ற ஏற்பாடு. பதின்மூவர் ஆடும் தனி வகையான ரக்பி லீக் ஆட்டத்தில் 1997 முதல் இருந்துவரும் 40/20 விதியின் சாயல் இதில் தெரியும். இதன் நோக்கம் உதைகளைப் பெருக்குவது மட்டுமன்று. மூலைகளைக் காக்க எதிரணி ஓர் ஆளைக் கூடுதலாகப் பின்னால் நிறுத்த வேண்டிவரும். அப்போது முன்வரிசையில் ஓர் ஆள் குறைவார். ஓடுவதற்கு வழி பிறக்கும். உதைக்கப் போகிறேன் என்ற மிரட்டல்கூட ஓட்டத்துக்கு உதவுகிறது என்பதால், உதைக்கத் தெரியாத அணியின் ஓட்டமும் பாதி முடங்கிப்போகிறது.

அதே 2021இல், பந்தைத் தரையில் துள்ளவிட்டு உதைத்து ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் கோல்கோட்டு டிராப்-அவுட்டும் வந்தது. தாக்கும் அணி உதைத்து கோல்கோட்டுக்கு அப்பால் உருண்ட பந்தைக் காக்கும் அணியினர் தரையில் அமுக்கினால், முன்பு 22 மீட்டர் கோட்டிலிருந்து உதைத்து வெளியேறலாம். இப்போது கோல்கோட்டிலிருந்தே உதைக்க வேண்டும். ஆகையால் தரையோடு உருட்டிவிடும் ‘கிரப்பர்’ உதையின் மதிப்பு உயர்ந்துவிட்டது. ஆனால் பந்து எவர் கையும் படாமல் பின்கோட்டையும் தாண்டிவிட்டால் எதிரணி உதைத்த இடத்துக்கே திரும்பி வந்து, இரு அணியின் முன்னாட்டக்காரர்களும் தோளோடு தோள் கோத்துத் தள்ளும் ஸ்க்ரம் கேட்கலாம். ஆகவே அளவு தெரிந்து உருட்ட வேண்டும்.

காக்கும் தரப்புக்கும் ஓர் அடைக்கலம் உண்டு. தன் 22க்குள் எதிராளியின் உதையை நேராகக் கையில் பிடித்து “மார்க்” என்று கத்தினால் ஆட்டம் நிற்கும். பிடித்தவருக்கு ஃப்ரீ-கிக் கிடைக்கும். 2023 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்ஸுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவின் டேமியன் வில்லெம்ஸே இப்படி மார்க் கேட்டுவிட்டு, உதைக்காமல், அன்றைய விதி அனுமதித்தபடி, ஸ்க்ரம் வேண்டும் என்று சைகை காட்டியது அரங்கத்தையே திகைக்க வைத்தது. தங்கள் ஸ்க்ரம் பலத்தின்மேல் அத்தனை நம்பிக்கை. உதை உத்தியை எப்போது கையிலெடுக்கக் கூடாது என்று தெரிந்திருப்பதும் அந்த உத்தியின் ஒரு பகுதியே.

இன்னொரு மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவின் ஆறு நாடுகள் ஆடும் சிக்ஸ் நேஷன்ஸ் போட்டியில், 2024இல், ஸ்காட்லாந்தும் பிரான்ஸும் நீண்ட நேரம் பந்தை மாறி மாறி உதைத்துக்கொண்டிருக்க, மற்ற வீரர்கள் சிலைபோல் நின்றார்கள். பந்தைப் பிடித்தவர் ஐந்து மீட்டர் ஓடினாலோ பிறருக்குக் கொடுத்தாலோ முன்னால் நிற்பவர்கள் ஆஃப்சைடு நிலையிலிருந்து விடுபடுவார்கள் என்ற விதியை வைத்து, இரு தரப்பும் ஓடாமலேயே காலம் கடத்தின. 2024 ஜூலை 1 முதல் அந்த வசதி நீக்கப்பட்டது. அதே ஆண்டு இறுதியில், உயரமான பந்தைத் துரத்தி வருபவர்களைக் குறுக்கே நின்று மறைக்கும் வழக்கத்தையும் நடுவர்கள் கண்டிப்புடன் தண்டிக்கத் தொடங்கினார்கள். துரத்துபவருக்குப் பாதை திறந்ததால் உயரமான, போட்டியிட்டுப் பிடிக்கக் கூடிய உதை இப்போது முன்னைவிட லாபகரமானது. இன்று பயிற்சி தொடங்கும் ஓர் அணி பத்தாண்டுகளுக்கு முந்தைய காணொளிகளைப் பார்த்துக் கற்பது சரியாக இராது என்பதற்காகவே இத்தனையும் சொல்ல நேர்ந்தது.

நொடியும் மீட்டரும்

உதையின் தரத்தைத் தூரத்தால் அளப்பது நம் மைதானங்களில் வேரூன்றிய பழக்கம். “அறுபது மீட்டர் அடிப்பான்” என்பதுதான் பாராட்டு. ரக்பியில் அந்த அளவுகோல் பாதி உண்மைதான். மறுபாதி, பந்து வானில் எத்தனை நொடி நிற்கிறது என்பது.

கணக்கு எளிது. காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மூன்று நொடி வானில் நிற்கும் பந்து ஏறத்தாழ 11 மீட்டர் உயரம் எழுகிறது. நான்கு நொடி நிற்பது 20 மீட்டரைத் தொடுகிறது. ஐந்து நொடி நிற்க 30 மீட்டர் எழ வேண்டும். நின்ற நிலையிலிருந்து புறப்படும் நல்ல ஓட்டக்காரர் ஒருவர் நான்கு நொடியில் சுமார் 25 மீட்டர் கடப்பார். மூன்று நொடியில் 17 மீட்டர் அளவுக்குத்தான் போயிருப்பார். இப்போது மூன்று நொடியில் 45 மீட்டர் போகும் தாழ்ந்த உதையை எண்ணிப் பாருங்கள். பந்து எதிரணியின் கடைசிக் காவலரான ஃபுல்-பேக் கையில் விழும்போது துரத்துபவர் இன்னும் 28 மீட்டர் பின்னால் இருக்கிறார். அந்த 28 மீட்டர் நாமே எதிராளிக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த சீதனம். நான்கு நொடி நின்று 25 மீட்டரில் இறங்கும் உதையோ, பந்தும் துரத்துபவரும் ஒரே கணத்தில் ஒரே இடத்தில் சந்திக்கும்படி செய்கிறது. தூரம் பாதிதான், பயன் அதைவிட மிகுதி.

இந்தக் கணக்கின் உச்சப் பயன்பாடே ‘பாக்ஸ் கிக்’. ரக்கின் பின்னால் நிற்கும் ஸ்க்ரம்-ஹாஃப், தன் ஆட்களின் தலைக்கு மேலாகப் பக்கக்கோட்டை ஒட்டி உயரமாக உதைப்பது இது. பந்து எடுக்கத் தயாரான பிறகு நடுவர் குரல் கொடுத்தால் ஐந்து நொடிக்குள் ஆடியாக வேண்டும் என்பதால், அதற்குள் களத்தின் ஓரத்தில் ஆடும் விங் ஆட்டக்காரர் துரத்தத் தயாராக நிற்கிறாரா, மறைத்து உதவ ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பந்து கோட்டுக்கு 15 மீட்டருக்குள் இறங்கினால் பிடிப்பவருக்கு ஒரு பக்கம் அடைபட்டிருக்கும். அதைவிட உள்ளே வந்தால் இரு பக்கமும் திறந்துவிடும். பிறகு துரத்துபவர் பாடு திண்டாட்டம்தான்.

2023 உலகக் கோப்பை அரையிறுதியில் பாரிஸ் மழையில் இங்கிலாந்து தென்னாப்பிரிக்காவை இப்படித்தான் நெருக்கியது. உயர உயர உதைத்து, பிடிக்கத் தடுமாற வைத்து, கிடைத்த பெனால்டிகளை ஓவன் ஃபாரல் புள்ளிகளாக்கினார். பந்தை எதிராளியின் கோல்கோட்டுக்கு அப்பால் தரையில் அமுக்கிப் பெறும் ‘ட்ரை’ ஒன்றுகூட இல்லாமல் 15 புள்ளிகள். நான்கு பெனால்டி, பந்தைத் தரையில் துள்ளவிட்டு அடித்த ஒரு டிராப் கோல். கடைசியில் தென்னாப்பிரிக்கா ஸ்க்ரம் பலத்தால் பெனால்டிகளைப் பெற்று, ஹாண்ட்ரே போலார்டின் உதையால் 16–15 என வென்றது. உதை ஆட்டம் ஓர் அணியை வெற்றியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். உள்ளே நுழைய வேறு பலமும் வேண்டும். உதையை ஒரு மந்திரமாக நம்பும் பயிற்சியாளர்களுக்கு அந்த ஆட்டத்தை இரண்டு முறை போட்டுக் காட்டலாம்.

கையிலிருந்து காலுக்கு

ரக்பிப் பந்தின் நீளம் 28 முதல் 30 சென்டிமீட்டர்; எடை 410 முதல் 460 கிராம். எடையில் கால்பந்துக்கு நெருங்கிய உறவு. நடத்தையில் உறவே இல்லை. உருண்டைப் பந்தை எந்தப் பக்கம் உதைத்தாலும் அது பந்துதான். நீள்பந்தோ, காலில் எந்தச் சாய்வில் படுகிறது என்பதைப் பொறுத்து வேறுவேறு பொருளாகவே மாறிவிடுகிறது. அதனால் உதையின் பிழை பெரும்பாலும் காலில் இருப்பதில்லை. பந்தைக் கையிலிருந்து விடுவதில் இருக்கிறது.

வலக்காலால் உதைப்பவர் வலக்கையால் பந்தைக் கால் வரை வழிநடத்திவிட வேண்டும். தூக்கிப் போடக் கூடாது. இடுப்பளவிலிருந்து, சாய்வு மாறாமல், கையைப் பந்தின் அடியிலிருந்து உருவி எடுப்பதுபோல் விட வேண்டும். பந்து காற்றில் பயணிக்கும் நேரம் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்குப் பிழை குறையும். பாதத்தை நீட்டி, கணுக்காலை இறுக்கி, பூட்ஸ் கயிறு கட்டும் மேல்பாத எலும்பால் சந்திக்க வேண்டும். பந்தை இடுப்புக்கு அருகே உயரமாகச் சந்தித்தால் அது மேலெழும். முழங்காலுக்குக் கீழே சந்தித்தால் தாழ்ந்து நீளும். உயர உதைக்கும் நீள உதைக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு அந்த ஒரு முழத்துக்குள் அடங்கிவிடுகிறது.

கால்பந்து ஆடியவர் இங்கேதான் தடுக்கி விழுகிறார். தரையில் கிடக்கும் பந்தைச் சாய்வாக ஓடிவந்து, உள்பாதத்தால் வளைத்து அடிப்பது அவருக்கு உடம்பில் ஊறிய அசைவு. அந்த அசைவை நீள்பந்திடம் காட்டினால் பந்து விரும்பிய திசைக்கு வெளியே வழுக்கிப்போகும். இலக்கை நோக்கி நேராக நடந்து, நேராகக் காலை உயர்த்தும் பழக்கம் புதிதாக வர வேண்டும். விதிவிலக்கு ஒருவர் உண்டு: கோல்கீப்பர். கையிலிருந்து விட்டு உதைப்பதும், தலைக்கு மேலே வரும் பந்தை நெருக்கத்தில் எம்பிப் பிடிப்பதும் அவருடைய அன்றாட வேலை. குமரிக் கடலோரத்தில் ரக்பி அணி ஒன்றைக் கூட்ட நினைப்பவர், கோல் அடிப்பவர்களை விட்டுவிட்டு முதலில் கோல்கீப்பர்களைத் தேடிப் போவது நல்லது என்பது என் எண்ணம்.

பந்தின் சுழற்சியில் இரண்டு வகைகளை அறிந்தால் போதும். பந்தின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டு செல்லும் உதை திசை தவறாதது. பிழையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். விழுந்த பிறகு எப்படித் துள்ளும் என்றும் ஓரளவு சொல்லலாம். பந்தைப் பாதத்தின் குறுக்கே சற்றுச் சாய்த்துவிட்டு உதைப்பது ‘ஸ்பைரல்’. இது தன் நீள அச்சில் சுழன்று, கூர்முனையால் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் தூரம் மிகுதி. சரியாக அமையாதபோது கிடைக்கும் தண்டனையும் மிகுதி. பிடிப்பவருக்கு இது பெரிய தலைவலி என்பதால் அண்மைக் காலத்தில் மீண்டும் செல்வாக்கு பெற்றிருக்கிறது. ஆனால் தொடக்கநிலையில் இருப்பவர் ஓராண்டு காலமாவது முதல் வகையிலேயே நிற்பது நல்லது. ஸ்பைரல் பார்ப்பதற்கு அழகு என்பதே அதன் ஆபத்து. பிள்ளைகள் பயிற்சி நேரம் முழுவதையும் அதற்கே செலவழித்துவிடுவார்கள்.

இரண்டு கால்களும் வேண்டும் என்பதற்கு 2003 உலகக் கோப்பை இறுதியாட்டத்தைவிட வலுவான சாட்சி இல்லை. சிட்னியில், கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில், இடக்கால் ஆட்டக்காரரான ஜானி வில்கின்சன் வலக்காலால் அடித்த டிராப் கோல்தான் இங்கிலாந்துக்கு 20–17 என்று கோப்பையைத் தந்தது. எதிராளிகள் அந்த உதையை மறிக்கப் பாய்ந்துகொண்டிருந்தார்கள்.

காற்று தெரிந்தவர்கள்

வேறு மாவட்டத்தாருக்கு இல்லாத ஓர் அனுகூலம் குமரியினருக்கு உண்டு: காற்றோடு பழகிய வாழ்க்கை. தென்மேற்குப் பருவக் காலத்தில் மலைத்தொடரின் இடைவெளியான ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. கடலோரத்தில் கச்சானும் வாடையும் கொண்டலும் வெறும் சொற்களல்ல. வள்ளம் இறக்குவதா வேண்டாமா என்பதை முடிவு செய்பவை. இந்த அறிவைக் களத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

காற்று பின்னாலிருந்து வீசினால் உதைப்பது எளிது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நீள உதைக்கு அது உண்மை. உயர உதைக்கு நேர்மாறு. பின்காற்று பந்தைத் துரத்துபவருக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். 25 மீட்டருக்கு உதைத்தது 35 மீட்டரில் விழும். எதிர்காற்றோ உயர்ந்த பந்தை நிறுத்திவைத்துத் துரத்துபவர் பக்கமே திருப்பிக் கொடுக்கும். பிடிக்க நிற்பவர் முன்னே ஓடிவந்து தடுமாறுவார். எனவே காற்றை எதிர்த்து ஆடும் பாதியில் உதைக்கவே கூடாது என்று பதுங்கும் அணி, கையில் இருக்கும் ஆயுதத்தை உறையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது. எதிர்காற்றில் தவிர்க்க வேண்டியது, நடுவாக்கில் மிதக்கும் நீள உதை ஒன்றைத்தான். அங்கே தாழ்ந்து செல்லும் பந்தும் தரையோடு உருளும் கிரப்பரும் பாக்ஸ் கிக்கும் பலன் தரும். பக்கக்காற்று வீசும் நாளில், நான்கு நொடி வானில் நிற்கும் பந்து பல மீட்டர் நகர்ந்துவிடும் என்பதால், காற்று வரும் பக்கத்துக் கோட்டுக்கு மேலே குறிவைத்து, அதைக் களத்துக்குள் இறங்க விட வேண்டியிருக்கும்.

நாணயச் சுண்டலில் வென்ற அணித்தலைவர் எந்தப் பக்கத்தை எடுப்பது என்பதும் இதோடு சேர்ந்த முடிவு. கடற்காற்று பிற்பகலில் வலுத்து, பொழுது சாயும்போது தளரும் இயல்புடையது. மாலை நான்கரைக்குத் தொடங்கும் ஆட்டத்தில் காற்றின் துணையை முதல் பாதியிலேயே வாங்கிக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம். இரண்டாம் பாதிக்கு என்று ஒதுக்கிவைத்தால் அப்போது காற்றே இராது. ஆனி, ஆடி மாதங்களில் தோவாளைப் பக்கம் ஆடினால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே காற்று மாலை பார்த்து ஓய்வதில்லை.

மழையும் அப்படியே. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் மாவட்டம் என்பதால் ஈரப் பந்தோடு ஆடும் நாட்கள் இங்கே மிகுதி. ஈரப் பந்தைக் கைமாற்றுவதைவிட எதிராளியைப் பிடிக்க வைப்பது மேல்.

பின்வெளியைப் படித்தல்

பதினைவர் ஆட்டத்தில் காக்கும் அணி பெரும்பாலும் 13 பேரை முன்வரிசையில் நிறுத்தி, ஃபுல்-பேக்கையும் ஒரு விங்கையும் பின்னால் வைக்கும். ஆட்டம் இடப்பக்கம் போனால் அப்பக்கத்து விங் முன்னே ஏற, மறுபக்கத்து விங் பின்னே இறங்குவார். திசை மாறினால் இருவரும் இடம் மாற்றிக்கொள்வார்கள். கடிகாரத்தின் ஊசல்போல இந்த அசைவு ஆட்டம் முழுவதும் நடந்துகொண்டே இருக்கும். உதைப்பவர் தேட வேண்டியது ஊசல் இன்னும் வந்து சேராத இடத்தை. மூன்று நான்கு முறை ஒரே பக்கம் பந்தை ஓட்டிவிட்டுச் சட்டென்று திருப்பினால், முன்னே ஏறிய விங் பின்னே ஓடி முடிப்பதற்குள் அவருக்குப் பின்னால் ஓர் இடைவெளி இருக்கும். பந்து வரும் வரை காத்திருந்து அதைப் பார்ப்பவர் பிந்திவிடுவார். பந்து வருவதற்கு முன்பே தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பிறகு பந்தின் மேல் கண் வைக்கும் பழக்கம் வேண்டும்.

முன்னோக்கி ஓடிவந்து பந்தைப் பிடிப்பவர் ஆபத்தானவர். தன் கோல்கோட்டைப் பார்த்துக்கொண்டு பின்னோக்கி ஓடிப் பொறுக்குபவர் இரை. அதனால் ஆள் இருக்கும் இடத்துக்கு உதைப்பதானால் உயரமாக உதைக்க வேண்டும். ஆள் இல்லாத இடத்துக்கு உதைப்பதானால் பந்து தரையில் விழுந்து துள்ளும்படி உதைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே, ஆள் மார்புக்கு நேராக வசதியாகப் போய்ச் சேரும் உதைதான் தோற்கும் அணியின் அடையாளம்.

துரத்தல் பற்றிப் பயிற்சிகளில் மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. கரமடி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது கடினமன்று. வலையின் இரு கயிற்றையும் கரையில் நின்று இரண்டு கூட்டம் இழுக்கும்போது, ஒரு கூட்டம் அவசரப்பட்டு முந்தினால் வலை கோணி மீன் வெளியேறிவிடும். துரத்தும் வரிசையும் அப்படித்தான்: பந்துக்காக எம்புபவர் ஒருவர், அவருக்கு இருபுறமும் சற்றுப் பின்னால் இருவர், அவர்களுக்குப் பின்னால் சீரான வேகத்தில் ஏறிவரும் மற்றவர்கள். ஒருவர் மட்டும் வெறிகொண்டு ஓடினால் அவரை ஏமாற்றிவிட்டு அந்த ஓட்டையில் புகுந்துவிடுவார்கள். உதைத்தவருக்கு முன்னால் நின்றவர்களோ, உதைத்தவரோ அவரோடு பின்னால் நின்ற ஒருவரோ தங்களைக் கடக்கும் வரை முன்னேறக் கூடாது. இந்த ஆஃப்சைடு விதியை மறந்த ஓர் ஆளால் அருமையான உதையும் எதிராளிக்குப் பெனால்டியாக முடிந்துவிடும்.

எழுவர் ஆட்டம்

இந்திய இளைஞர்களுக்குப் போட்டியாகக் கிடைப்பது பெரும்பாலும் எழுவர் ரக்பிதான். பாதிக்கு ஏழு நிமிடம்; மைதானமோ அதே முழு அளவு. அத்தனை வெட்டவெளியில் பந்தைக் கையில் வைத்திருப்பவனே ராஜா என்பதால் பொது ஆட்டத்தில் உதை அரிதாகிறது. ஆனால் ஒரு விநோதம் உண்டு. பதினைவர் ஆட்டத்தில் புள்ளி பெற்ற அணிக்கு எதிரணி உதைத்துத் தொடங்கும்; எழுவரில் புள்ளி பெற்ற அணியே உதைத்துத் தொடங்கும். 10 மீட்டர் கோட்டைச் சற்றுத் தாண்டி உயரமாக இறங்கும் தொடக்க உதையால் பந்தைத் திரும்பப் பெற்றுவிட்டால், எதிரணி பந்தைத் தொடாமலேயே இரண்டாவது ட்ரையையும் வாங்கிவிடலாம். ட்ரைக்குப் பின் வரும் கூடுதல் புள்ளிக்கான உதையும் இங்கே டிராப் கிக்தான். ஆகவே எழுவர் அணியில் உதைப் பயிற்சிக்கென்று உள்ள நேரத்தில் பெரும்பங்கைத் தொடக்க உதைக்கே கொடுத்தால் தவறில்லை.

பயிற்சி

செலவில்லாமல் தொடங்கக் கூடியது இது. முதல் வாரம் உதைக்கவே வேண்டாம். பந்தைக் கையிலிருந்து விட்டு, அது சாய்வு மாறாமல் விழுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். சரியாக விடப்பட்ட பந்து தரையில் பட்டு, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே பக்கம் துள்ளும். அடுத்து இருவர் 15 மீட்டர் இடைவெளியில் நின்று, எதிரிலிருப்பவர் நகராமல் பிடிக்கும்படி மெல்ல உதைக்கலாம். வாரத்துக்கு வாரம் இடைவெளியைக் கூட்டலாம். பிறகு கைபேசியில் உள்ள நிறுத்துக் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உதைத்த கணத்திலிருந்து விழும் வரை நொடியை அளந்து, தூரத்தோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். பிள்ளைகளுக்குத் தூரப் போட்டியைவிட நொடிப் போட்டியில் ருசி பிறந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

துரத்துபவர் இல்லாமல் உயர உதையைப் பயிலக் கூடாது என்பது என் பிடிவாதம். தனியாக நின்று வானத்துக்கு உதைப்பவருக்குத் தன் உதை நல்லதா கெட்டதா என்பதே தெரியாது. அதுபோலவே முடிவெடுக்கும் பயிற்சியும் தேவை: உதைப்பவர் முதுகைக் காட்டி நிற்க, பின்வெளியில் இருவர் தங்கள் விருப்பப்படி இடம் மாறிக்கொள்ள, பயிற்சியாளரின் குரல் கேட்டுத் திரும்பியவர் ஒரே பார்வையில் வெற்றிடத்தைக் கண்டு அங்கே உதைக்க வேண்டும். இதையே ஓடிக் களைத்த பிறகும் செய்ய வைக்க வேண்டும். ஆட்டத்தில் யாரும் இளைப்பாறிவிட்டு உதைப்பதில்லை. ஆனால் உதைகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வேண்டும். தொடையின் பின்தசையும் இடுப்பு மடிப்பும் எளிதில் பிடித்துக்கொள்ளும் இடங்கள். வளரும் பிள்ளைகளை நூறு, இருநூறு என்று உதைக்க வைப்பது பயிற்சியாகாது.

மைதானம் பற்றி ஒரு சொல். கடற்கரை மணல் துரத்தலுக்கும் எம்பிப் பிடித்தலுக்கும் மிகப் பொருத்தமானது, விழுந்தாலும் அடிபடாது, கால் வலுப்பெறும். டிராப் கிக்குக்கு அது உதவாது. பந்து தரையில் பட்டு எழும் கணத்தில் காலால் சந்திக்க வேண்டிய உதை அது. மணலில் விழுந்த பந்து எழுவதே இல்லை. அதற்கு இறுகிய தரை வேண்டும். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கம் போன்ற இடமோ, ஊர்ப் பள்ளி மைதானமோ கிடைத்தால், ஆள் நடமாட்டமும் காற்றும் குறைந்த காலை ஆறு மணிக்குப் போய், ஒரே முனையைக் கீழாக வைத்து, பந்து நேராக எழும் வரை உதைக்காமல் விட்டு விட்டுப் பார்க்க வேண்டும்.